அக்கி வந்த வீட்டில் ஒரு வில்லங்கச் சான்று

சென்ற ஆண்டு ஆடி மாதத் தொடக்கத்தில், வலது விலாவுக்குக் கீழே சட்டைத் துணி உரசினால்கூடத் தாங்க முடியாத ஓர் எரிச்சல் எனக்கு ஏற்பட்டது. வாயுப்பிடிப்பாக இருக்கும் என்று எண்ணி, இரண்டு நாள் தைலம் தேய்த்துக்கொண்டும் சுக்குக் கஷாயம் குடித்துக்கொண்டும் காலம் கடத்தினேன். மூன்றாம் நாள் காலை, முதுகெலும்பின் வலப்பக்கத்தில் தொடங்கி விலாவைச் சுற்றித் தொப்புள் வரை வந்து அங்கேயே நின்றுவிட்ட ஒரு பட்டையில், சிவந்த தடிப்புகளும் அவற்றின்மேல் கொத்துக் கொத்தாகச் சிறு நீர்க்கொப்புளங்களும் இருப்பதை என் மனைவி பார்த்தார். பார்த்த மாத்திரத்தில், "இது அக்கி" என்றார். அவர் சொன்னது சரி. அதற்குப் பிறகு நாங்கள் செய்ததுதான் பிழை.

கும்பகோணத்தை அடுத்த எங்கள் ஊரில் அக்கி என்றால் இன்றும் முதலில் போவது மண்பாண்டம் செய்யும் வேளார் வீட்டுக்குத்தான். அந்தப் பெரியவர் காவிக்கல்லை இழைத்து, கொப்புளங்களைச் சுற்றி மயிலிறகால் எழுதிவிட்டு, மூன்று நாள் தொடர்ந்து வரச் சொன்னார். அவர்மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. காவி பட்ட இடம் சற்று நேரம் குளிர்ந்தது உண்மை, அவர் காசும் வாங்கவில்லை. ஆனால் அந்த மூன்று நாட்கள் திரும்ப வராதவை என்பதை நான்காம் நாள் மாலை தோல் மருத்துவரிடம் போனபோதுதான் அறிந்தேன். "கொப்புளம் எழும்பி எத்தனை மணி நேரம் ஆகிறது?" என்பதே அவருடைய முதல் கேள்வி. அக்கிக்கு வைரஸ் எதிர்ப்பு மாத்திரை உண்டென்றும், கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் அதைத் தொடங்கினால் பலன் மிகுதி என்றும், எனக்கு இன்னும் புதுக் கொப்புளங்கள் வந்துகொண்டிருப்பதால் இப்போதும் தொடங்கலாம் என்றும் சொல்லி, நாளுக்கு ஐந்து வேளையாக ஏழு நாட்களுக்கு எழுதிக்கொடுத்தார். பத்து நாளில் கொப்புளம் காய்ந்துவிட்டது. வலி மட்டும் தை மாதம் வரை போகவில்லை. அக்கிக்குப் பின் நரம்பில் தங்கிவிடும் அந்த வலி, வயது கூடக் கூட அதிகம் பேருக்கு நேர்கிறது. முதல் நாளே மாத்திரையைத் தொடங்கியிருந்தால் வலி வந்தே இருக்காது என்று உறுதி கூற யாராலும் முடியாது. ஆனால் கொப்புளம் ஆறவும் தொடக்க வலி தணியவும் அது துணைசெய்திருக்கும். ஒரு பக்கம் மட்டும், பட்டையாக, வலியோடு கொப்புளம் வந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கண்ணருகிலோ வந்தால், பார்வையே போகக்கூடுமாதலால், ஒரு வேளைகூடத் தாமதிக்கக் கூடாது.

மருத்துவரின் இரண்டாவது கேள்வி, "சின்ன வயதில் உங்களுக்கு அம்மை போட்டதுண்டா?" என்பது.

போட்டது. 1971ஆம் ஆண்டு, எனக்கு ஒன்பது வயது. வலங்கைமான் பக்கத்துக் கிராமத்தில் இருந்த எங்கள் பெரிய வீட்டில் அந்தப் பங்குனியில் ஏழு குழந்தைகளுக்கு அடுத்தடுத்து முத்து போட்டது. வாசலில் வேப்பிலைக் கொத்து செருகப்பட்டது. சமையலில் தாளிப்பு நின்றது. வெளியாட்கள் வருவது நின்றது. எங்களைப் படுக்கவைத்திருந்த பின்கட்டு அறைக்குள் வந்துபோக அப்பாயிக்கு மட்டுமே அனுமதி. அனுமதி கொடுத்தவரும் அவரேதான். "எனக்கு ஆத்தா வந்துட்டுப் போயிட்டா, இனிமே தொடமாட்டா. வராதவங்க யாரும் உள்ள காலெடுத்து வைக்கப்படாது" என்பது அவருடைய சட்டம். எங்கள் சின்னம்மாவுக்கு அம்மை வந்ததில்லை என்பதால், சொந்தக் குழந்தையைப் பார்க்கக்கூட அவரை நிலைப்படியோடு நிறுத்திவிட்டார்.

அப்பாயியின் முகம் முழுவதும் குழிகள் இருந்தன. அவை பெரியம்மையின் குழிகள்; எங்களுக்கு வந்ததோ சின்னம்மை. இரண்டும் வெவ்வேறு வைரஸ்கள். ஒன்று வந்தால் மற்றொன்று வராது என்பதில்லை. அப்பாயிக்குச் சிறுவயதில் இரண்டுமே வந்திருக்க வேண்டும், அல்லது அவர் கணக்கில் எல்லாமே ஆத்தாதான். ஆனாலும் அவருடைய சட்டத்தின் அடிப்படை சரியானது. உலகெங்கும் மனிதர்கள் கண்டறிந்ததும் கூட. கி.மு. 430இல் ஏதென்ஸ் நகரைக் கொள்ளைநோய் சூறையாடியபோது, பிழைத்து எழுந்தவர்களே நோயாளிகளைப் பேணினார்கள் என்றும், ஒருவரை அந்நோய் இரண்டாம் முறை உயிர்போகும் அளவுக்குத் தாக்கவில்லை என்றும் கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதிவைத்திருக்கிறார். இதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது 1846இல் வட அட்லாண்டிக்கின் ஃபரோ தீவுகளில் பரவிய தட்டம்மை. அங்கே வாழ்ந்த ஏறக்குறைய 7,800 பேரில் சுமார் 6,000 பேருக்கு நோய் கண்டது. அங்கு அனுப்பப்பட்ட பீட்டர் பானும் என்ற 25 வயது டென்மார்க் மருத்துவர் ஊர் ஊராகச் சென்று விசாரித்தார். அதற்கு முன் அத்தீவுகளுக்குத் தட்டம்மை வந்தது 1781இல். அப்போது குழந்தையாக இருந்து நோய் கண்டு பிழைத்த முதியவர்களில் ஒருவருக்குக்கூட, 65 ஆண்டுகள் கழித்து வந்த இந்தத் தட்டம்மை தொற்றவில்லை. இடைப்பட்ட காலத்தில் அந்நோயை ஒருமுறைகூடக் காணாத உடம்புகள், அறுபத்தைந்து ஆண்டுகளாக அதை நினைவில் வைத்திருந்தன.

நான் பத்திரப்பதிவுத் துறையில் 34 ஆண்டுகள் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். எதையும் பதிவேடு, அட்டவணை, நகல் என்று பார்த்தே பழகிவிட்ட எனக்கு, உடம்பு இந்த நினைவை எங்கே எழுதிவைக்கிறது என்ற கேள்வி, வலியால் உறக்கம் வராத இரவுகளில் பெரிதாக வளர்ந்தது. மருத்துவர் சொன்னதையும் பின்னர் தேடிப் படித்ததையும் சேர்த்து நான் விளங்கிக்கொண்டது இது.

நம் இரத்தத்திலும் நிணநீரிலும் பி செல், டி செல் என்று இரு வகை வெள்ளணுக்கள் கோடிக்கணக்கில் உலவுகின்றன. ஒவ்வொரு செல்லும் ஏதோ ஒரு வடிவத்தை மட்டுமே அடையாளம் காணும். புதிதாக ஒரு கிருமி நுழையும்போது, அதன் வடிவத்துக்குப் பொருந்தும் செல்கள் மிகச் சிலவே இருக்கும். அவை கிருமியின் துணுக்கைச் சந்திக்கும் இடம் நிணநீர்க் கணு. காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறது என்கிறோமே, அந்த நெறிதான் அவை பெருகும் பட்டறை. பொருந்திய பி செல்கள் அங்கே பல மடங்காகப் பெருகும். பெருகும்போது சிறு சிறு மாற்றங்கள் அடையும். கிருமியை மேலும் இறுகப் பிடிப்பவை மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டு மற்றவை மடியும். இதற்கு ஒன்றிரண்டு வாரம் ஆகிறது; அந்த ஒன்றிரண்டு வாரம்தான் நாம் படுத்துக்கிடக்கும் காலம். நோய் தீர்ந்ததும் படையின் பெரும்பகுதி அழிந்துவிடும். எஞ்சுபவற்றில் ஒரு பகுதி எலும்பு மஜ்ஜைக்குள் குடியேறி, ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருளைப் பல்லாண்டுகள் சுரந்துகொண்டே இருக்கும். மற்றொரு பகுதி நினைவு செல்களாக மாறி, வேலையின்றி ஆனால் விழிப்போடு காத்திருக்கும். அதே கிருமி மீண்டும் வந்தால், இம்முறை தொடக்கத்திலிருந்து தேட வேண்டியதில்லை. சில நாட்களுக்குள் முன்னைவிடக் கூர்மையான ஆன்டிபாடி பெருமளவில் வந்துவிடும். பல நேரங்களில் கிருமி வந்துபோனதே நமக்குத் தெரியாது.

இந்த நினைவு எவ்வளவு காலம் நிற்கும் என்பது நோய்க்கு நோய் மாறுபடுகிறது. அமெரிக்காவின் ஆரகன் மாநிலத்தில் 45 பேரின் இரத்தத்தை 26 ஆண்டுகள் வரை தொடர்ந்து சோதித்து 2007இல் வெளியிட்ட ஓர் ஆய்வின்படி, டெட்டனஸ் எதிர்ப்பொருள் பாதியாகக் குறைய 11 ஆண்டுகளும், சின்னம்மைக்குரியது பாதியாகக் குறைய 50 ஆண்டுகளும் ஆகின்றன. தட்டம்மைக்குரியது பாதியாக 200 ஆண்டுகளுக்கும் மேல் ஆகும் என்று கணக்கு வருகிறது, அதாவது மனித ஆயுளுக்குள் அது அசைவதே இல்லை. 1918இன் பெரும் இன்ஃபுளுயன்சாவைக் குழந்தைப் பருவத்தில் கடந்து 91 வயதைத் தாண்டிவிட்ட 32 பேரை 2008இல் சோதித்தபோது, தொண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய அந்த வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி அவர்களிடம் இன்னும் இருந்தது.

அப்படியானால், 1971இல் வந்துபோன சின்னம்மையின் வைரஸே 53 ஆண்டுகள் கழித்து அக்கியாக என்னைத் தாக்கியது எப்படி? இதுதான் என்னைக் குழப்பியது. "ஆத்தா வந்துவிட்டுப் போய்விட்டாள்" என்ற வாக்கியத்தில் 'போய்விட்டாள்' என்பது மட்டும் தவறு என்று மருத்துவர் சிரித்துக்கொண்டே சொன்னார். சின்னம்மை வைரஸ் உடம்பை விட்டு வெளியேறுவதே இல்லை. முத்து இறங்கிய பிறகு, அது தோல் நரம்புகளின் வழியே ஏறி, முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளுக்குள் சென்று உறங்குகிறது. அங்கே செல்லுக்குள் ஒளிந்திருக்கும் அதை, இரத்தத்தில் மிதக்கும் ஆன்டிபாடியால் எட்ட முடியாது. அது விழித்துத் தலைதூக்கும்போதெல்லாம் அமுக்கிவைப்பவை டி செல்களின் நினைவு அணிகள். ஆக, உடம்பு வைத்திருப்பது ஒரே நினைவன்று, இரண்டு. ஆன்டிபாடி நினைவு ஐம்பது ஆண்டுகளாக உறுதியாக நிற்க, டி செல் நினைவு ஐம்பது வயதுக்கு மேல் தேய்கிறது. தேய்ந்த இடைவெளியில், ஏதோ ஒரு நரம்பு முடிச்சிலிருந்து வைரஸ் அந்த ஒரு நரம்பின் பாதையிலேயே தோலுக்கு இறங்கிவருகிறது. என் விலாவில் பட்டையாக வந்து நடுக்கோட்டில் நின்றதற்குக் காரணம் அதுவே. நீரிழிவு, புற்றுநோய் மருந்துகள், நீண்டநாள் ஸ்டீராய்டு ஆகியவையும் இந்தத் தேய்மானத்தை விரைவுபடுத்தும்.

இதை முதலில் தெளிவாகச் சொன்னவர் ஆய்வகத்தில் இருந்தவர் அல்லர். இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்ற சிற்றூரின் பொது மருத்துவரான எட்கர் ஹோப்-சிம்சன். தம்மிடம் வந்த அக்கி நோயாளிகளை 1947 முதல் 1962 வரை பதினாறு ஆண்டுகள் ஒருவர் விடாமல் குறித்துவைத்து, அந்தக் குறிப்பேட்டைக் கொண்டே 1965இல் அவர் தம் கருதுகோளை வெளியிட்டார். பதிவேட்டோடு வாழ்நாளைக் கழித்த எனக்கு அவர்மேல் ஒரு தனிப் பாசம் ஏற்பட்டுவிட்டதை மறைக்க விரும்பவில்லை.

என் நோயைவிட வீட்டைக் கலக்கிய செய்தி, மருத்துவரைப் பார்த்த அதே நாளில் வந்தது. எங்களோடு ஒரே வீட்டில் இருக்கும் மருமகள் அப்போது நான்கு மாதக் கர்ப்பிணி. நான்கு வயதுப் பேரன் கதை கேட்டுக்கொண்டு என் கட்டிலிலேயே உறங்குபவன். அக்கி மற்றவருக்கு அக்கியாகத் தொற்றாது. ஆனால் கொப்புள நீரில் இருப்பது சின்னம்மை வைரஸ் என்பதால், அம்மை வராத ஒருவருக்கு அது சின்னம்மையைத் தரும். கர்ப்பத்தின் முதல் இருபது வாரங்களில் தாய்க்குச் சின்னம்மை வந்தால் கருவுக்கு ஊறு நேர ஒரு சிறு வாய்ப்பு உண்டு. பிரசவத்தை ஒட்டி வந்தால் பிறக்கும் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. தாய்க்கு நுரையீரல் அழற்சியும் வரலாம். மருத்துவர் மருமகளைப் பார்த்து, "உங்களுக்கு அம்மை போட்டிருக்கிறதா?" என்று கேட்டார். மருமகளுக்குத் தெரியவில்லை. சம்பந்தி அம்மாவுக்குத் தொலைபேசியில் கேட்டால், "ஒரு கோடையில உடம்பெல்லாம் ஏதோ கொப்பளிச்சுது, அது அம்மையா வேர்க்குருவான்னு ஞாபகம் இல்லையே" என்றார். வேப்பிலை கட்டியதா, தலைக்குத் தண்ணீர் ஊற்றியதா என்று என் மனைவி குறுக்கு விசாரணை செய்தும் தெளிவு கிடைக்கவில்லை. பெண்ணின் பள்ளி மதிப்பெண் சான்றிதழ்கள் அனைத்தையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கும் அந்தக் குடும்பத்தில், அவருக்கு என்ன நோய் வந்தது, என்ன ஊசி போட்டார்கள் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. எங்கள் வீட்டிலும் அதே கதைதான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மகனுக்கு அம்மை வந்ததா என்பதில் எனக்கும் என் மனைவிக்குமே இரு வேறு கருத்துகள் இருந்தன.

இந்த இடத்தில் மருத்துவர் எழுதிக்கொடுத்த பரிசோதனைதான் எனக்குப் பெரும் வியப்பைத் தந்தது. ஒரு மனையை வாங்குமுன், அதன்மீது முன்பு என்னென்ன பரிவர்த்தனை நடந்தது என்று பதிவேடுகளைப் புரட்டி வில்லங்கச் சான்று கொடுப்போம். விற்பவர் மறந்தாலும் மறைத்தாலும் பதிவேடு காட்டிவிடும். சின்னம்மைக்கான ஐஜிஜி பரிசோதனை ஏறக்குறைய அதுவே. கிருமி புதிதாக நுழைந்தால் முதலில் தோன்றுவது ஐஜிஎம் வகை ஆன்டிபாடி. அது சில வாரங்களிலோ மாதங்களிலோ மறையும். பின்னர் தோன்றி நிலைத்து நிற்பது ஐஜிஜி. எனவே ஐஜிஜி இருந்தால் அந்தக் கிருமியோ அதன் தடுப்பூசியோ இந்த உடம்பைக் கடந்திருக்கிறது என்று பொருள். மறுநாள் மாலை முடிவு வந்தது. மருமகளுக்கு ஐஜிஜி தெளிவாக இருந்தது. சம்பந்தி அம்மா நினைவில் தொலைத்துவிட்ட அந்தக் கோடைக் கொப்புளம் வேர்க்குரு இல்லை. ஒருவேளை ஐஜிஜி இல்லாதிருந்தால், பிறர் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த ஆன்டிபாடியை ஊசியாகப் போடும் வழி உண்டென்றும், தொற்றுக்கு ஆளான பத்து நாட்களுக்குள் அதைச் செய்ய வேண்டியிருந்திருக்கும் என்றும், சின்னம்மைத் தடுப்பூசி உயிருள்ள வைரஸால் ஆனதாகையால் கர்ப்ப காலத்தில் அதைப் போட முடியாது என்றும் அறிந்தோம். திருமணத்துக்கு முன்போ, குழந்தை வேண்டும் என்று முடிவெடுக்கும் முன்போ, ருபெல்லா எனப்படும் ஜெர்மன் தட்டம்மைக்கும் சின்னம்மைக்கும் ஐஜிஜி பார்த்து, இல்லையென்றால் தடுப்பூசி போட்டுக்கொண்டு, ஒரு மாதமாவது கழித்துக் கருத்தரிப்பது நல்லது. ஜாதகப் பொருத்தத்துக்கு நாம் செலவழிக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

பேரன் கதை வேறு. அவனுக்கு ஒன்றேகால் வயதில் தனியார் மருத்துவமனையில் சின்னம்மைத் தடுப்பூசி ஒரு தவணை போட்டிருந்தோம். அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் அது இல்லை. இரண்டாம் தவணையைக் 'காசு அதிகம், பிறகு பார்க்கலாம்' என்று தள்ளிப்போட்டு மறந்தோம். என் கொப்புளங்களைத் துணியால் மூடத் தொடங்கியது மருத்துவரைப் பார்த்த பிறகுதான். அதற்குமுன் நான்கு இரவுகள் அவன் என்னை ஒட்டிப் படுத்திருந்தான். பதினைந்தாம் நாள் அவன் முதுகில் சிவந்த புள்ளிகள் தோன்றின. ஆனால் எண்ணிப் பார்த்தால் மொத்தமே இருபத்தெட்டு. பாதிக்கு மேல் நீர் கோக்காமலேயே அடங்கிவிட்டன. காய்ச்சல் ஒரே ஒரு மாலை. 1971இல் எங்களுக்கு உள்ளங்காலிலும் வாய்க்குள்ளும்கூட முத்து போட்டிருந்ததை நினைத்துக்கொண்டேன். ஒரு தவணை ஊசி பதிந்த அரைகுறை நினைவு, நோயைத் தடுக்கவில்லை. நோயின் பல்லைப் பிடுங்கிவிட்டது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தவிர வேறெதுவும், குறிப்பாக ஆஸ்பிரின், கொடுக்கக் கூடாது என்று குழந்தை மருத்துவர் எச்சரித்தார். மகனுக்கு ஐஜிஜி இல்லை என்று வந்ததால், என் மனைவியின் கட்சி வென்றது. அவனுக்கு மறுநாளே முதல் ஊசி போடப்பட்டது.

அப்பாயியின் சட்டத்தை எல்லா நோய்க்கும் பொருத்தினால் என்ன ஆகும் என்பதை எங்கள் குடும்பம் அதற்கு முன்பே ஒருமுறை பட்டறிந்திருக்கிறது. என் தம்பி 2012இல் திருநெல்வேலியில் வேலையில் இருந்தான். அவ்வாண்டு அந்த மாவட்டத்தில் டெங்கு கடுமையாகப் பரவியபோது, பன்னிரண்டு வயதான அவன் மகளுக்கும் வந்து, ஐந்து நாள் காய்ச்சலோடு தீர்ந்தது. 2017 ஐப்பசியில் இங்கே வந்திருந்தபோது அவளுக்குக் காய்ச்சல் கண்டது. ஊரெல்லாம் டெங்கு என்ற பேச்சாக இருந்தும், "அவளுக்குத்தான் ஏற்கெனவே வந்துவிட்டதே" என்று மூன்று நாள் நாங்கள் சோதனைக்கே அனுப்பவில்லை. அனுப்பியபோது, டெங்குவைக் காட்டும் என்எஸ்1 இருந்தது. கூடவே ஐஜிஜியும் மிகுதியாக இருந்தது. எதிர்ப்புச் சக்தி நிறைய இருக்கிறது போலும் என்று தம்பி சற்று ஆறுதல் அடைந்தான். அறிக்கையைப் பார்த்த மருத்துவர் அதே வரியைப் படித்துவிட்டுத்தான் உடனே உள்நோயாளியாகச் சேர்க்கச் சொன்னார்.

டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உள்ளன. ஒரு வகை வந்தால் அந்த வகை வாழ்நாளில் மீண்டும் வராது. மற்ற மூன்றுக்கு எதிராகக் கிடைக்கும் காப்பு சில மாதங்களே. அதன்பின் வேறொரு வகை நுழையும்போது, பழைய ஆன்டிபாடிகள் அதைப் பாதி அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்கின்றன. ஆனால் செயலிழக்கச் செய்ய முடிவதில்லை. ஒட்டிய நிலையிலேயே அதை வெள்ளணுக்களுக்குள் அழைத்துச் சென்று பெருகவும் வைத்துவிடுகின்றன. பாங்காக்கில் 1960களில் குழந்தைகளை ஆராய்ந்த ஸ்காட் ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க மருத்துவர் இதை வற்புறுத்தினார். கியூபாவில் 1977இல் முதல் வகை டெங்கு லேசாகப் பரவிச் சென்றது. 1981இல் இரண்டாம் வகை வந்தபோது 3,44,000க்கும் மேற்பட்டோர் நோயுற்று 158 பேர் இறந்தார்கள். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் முன்பு முதல் வகையைக் கண்டவர்கள். இங்கே நினைவுதான் எதிரிக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. எனவே முன்பு டெங்கு வந்தவர்களே இரண்டாம் காய்ச்சலில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். எங்கள் பெண்ணுக்குக் காய்ச்சல் இறங்கிய அன்றுதான் வயிற்றுவலியும் ஓயாத வாந்தியும் தொடங்கின. காய்ச்சல் விட்ட முதல் ஒன்றிரண்டு நாட்களே ஆபத்தான நாட்கள். கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தக்கசிவு, அசதியோ பதற்றமோ, சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலிக்கு ஐபுப்ரோஃபெனும் ஆஸ்பிரினும் கூடவே கூடாது. அவள் ஆறு நாள் சிரை வழித் திரவத்தில் இருந்து பிழைத்து வந்தாள். தம்பி மனைவி வலங்கைமான் மாரியம்மனுக்குப் பாடைக்காவடி நேர்ந்துகொண்டு அடுத்த பங்குனியில் நிறைவேற்றினார்.

தட்டம்மை இன்னொரு விதத்தில் விதிவிலக்கு. அது தன்னைப் பற்றிய நினைவை வாழ்நாள் முழுக்க விட்டுச்செல்கிறது. ஆனால் நினைவு செல்களையே தாக்குவதால் மற்ற நோய்களின் நினைவை அழித்துவிடுகிறது. தடுப்பூசி போடாத 77 நெதர்லாந்துக் குழந்தைகளின் இரத்தத்தைத் தட்டம்மைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டு 2019இல் வெளிவந்த ஆய்வில், அவர்கள் அதுவரை சேர்த்துவைத்திருந்த ஆன்டிபாடிகளில் 11 முதல் 73 விழுக்காடு வரை காணாமற்போயிருந்தது. எங்கள் துறையில் நாங்கள் மிகவும் அஞ்சுவது ஆவண அறையில் தீப்பிடிப்பதை, இது அதுதான். 'தட்டம்மை வந்த பிள்ளை அந்த வருஷம் தேறாது' என்று எங்கள் ஊர்ப் பெண்கள் சொல்வதில் இருந்த உண்மையை இப்போதுதான் உணர்கிறேன். தடுப்பூசி இந்தத் தீயை வைப்பதில்லை; தட்டம்மையின் நினைவை மட்டும் பதிந்துவிட்டுப் போகிறது. ஒன்பதாம் மாதத்திலும் ஒன்றரை வயதை ஒட்டியும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடப்படும் அந்த இரண்டு ஊசிகளைத் தவறவிடக் கூடாது. டெட்டனஸோ இதற்கு நேர் எதிர்: நோயைத் தரும் நச்சின் அளவு, நினைவை எழுப்பப் போதாதபடி மிகக் குறைவாக இருப்பதால், அந்நோய் வந்து பிழைத்தவருக்கும் காப்பு உண்டாவதில்லை. அங்கே ஊசி ஒன்றே நினைவு. பத்தாண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு, நூறு பக்க நோட்டு ஒன்றை எடுத்து, வீட்டில் ஒவ்வொருவருக்கும் பத்துப் பக்கம் ஒதுக்கினேன். நோய் வந்த மாதமும் ஆண்டும், அதை உறுதிசெய்த பரிசோதனை, போட்ட தடுப்பூசி, எத்தனையாவது தவணை, எந்த மருந்துக்கு ஒவ்வாமை என்பவற்றை எழுதுகிறேன். பரிசோதனை அறிக்கைகள் வெளுத்துவிடுமுன் நகலெடுத்து ஒட்டுகிறேன். இது வீண் சிரத்தை இல்லை என்பதற்கு ஒரு சான்று: மகனைக் கல்லூரிக் காலத்தில் நாய் கடித்தபோது போட்ட வெறிநாய்க்கடித் தடுப்பூசியின் அட்டை என் பீரோவில் கிடைத்தது. முழுத் தவணையும் போட்டு அட்டை கையில் இருப்பவரை மீண்டும் நாய் கடித்தால், முதல் நாள் ஒன்றும் அதிலிருந்து மூன்று நாள் கழித்து ஒன்றுமாக இரண்டு ஊசி போதும். புண்ணைச் சுற்றிக் குத்தும் சீரம் தேவையில்லை. அட்டை இல்லையென்றால் எல்லாவற்றையும் முதலிலிருந்தே தொடங்குவார்கள். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவுவது மட்டும் எந்நிலையிலும் மாறாது.

அக்கிக்கும் இப்போது தடுப்பூசி இருக்கிறது. ஷிங்ரிக்ஸ் என்ற பெயரில், 50 வயதைக் கடந்தவர்களுக்கென 2023இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. உயிருள்ள வைரஸ் இல்லாமல், வைரஸின் ஒரு புரதத்தை மட்டும் கொண்டு, தேய்ந்துபோகும் டி செல் நினைவை மீண்டும் தட்டி எழுப்புவதற்காகச் செய்யப்பட்டது. இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணை. விலை எளிய குடும்பங்களுக்கு எட்டாதது. என் ஓய்வூதியத்துக்கே அது ஒரு சுமைதான். ஒருமுறை அக்கி வந்தவருக்கும் மீண்டும் வரலாம் என்பதால், வலி முற்றிலும் நின்றபின் மாசியில் நானும், அதே நாளில் என் மனைவியும் முதல் ஊசி போட்டுக்கொண்டோம். அன்றிரவு இருவருக்கும் காய்ச்சலும் குளிரும். ஊசி போட்ட கையைத் தூக்க முடியவில்லை. அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டேன், லேசாகக் கட்டியிருந்தது. சித்திரை கடைசியில் இரண்டாம் தவணையும் முடிந்து, இரண்டு தேதிகளும் நோட்டில் ஏறிவிட்டன. மகனுடைய சின்னம்மை ஊசியின் இரண்டாம் தவணைக்கு எதிரே உள்ள கட்டம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது. ஒரு மாதத்தில் போட்டிருக்க வேண்டியது. வருகிற சனிக்கிழமை கட்டாயம் போட்டுக்கொள்வதாகவும், வெள்ளிக்கிழமை இரவு நினைவுபடுத்தும்படியும் என்னிடம் சொல்லியிருக்கிறான்.